நிலைக்காலில் இருந்த தகடு

ஆக்லாந்து நகரத்து எல்லர்ஸ்லியில் நாங்கள் வாடகைக்கு எடுத்த பழைய மரவீட்டின் முன்வாசல் நிலைக்காலில், உள்ளே போகும்போது வலக்கைப் பக்கமாக, விரல் நீளத்தில் ஒரு தகரக் கூடு சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தது. வீட்டுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் அதைக் கழற்றச் சோம்பல்பட்டு அதற்கும் சேர்த்தே அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அது என்ன என்பதில் குடிபோன முதல் நாளே எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன.

அது பழைய அழைப்பு மணி என்பது அப்பாவின் கட்சி. அப்பா ஒடாஹுஹுவில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். கோணலாக இருக்கும் எதையும் அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. சுத்தியலை எடுத்துக்கொண்டு அதை நிமிர்த்தப் போனார். அம்மா குறுக்கே வந்து நின்றார்.

“தொடாதேங்கோ. ஆரோ வீட்டுக் காவலுக்கு வைச்சது. உள்ளுக்குத் தகடு கிடக்கும்.”

யாழ்ப்பாணத்தில் அம்மாவின் வீட்டு வாசலிலும் அப்படி ஒன்று உண்டாம். கோவில் ஐயர் செப்புத் தகட்டில் மந்திரம் எழுதிச் சுருட்டிக் கொடுத்தது. வெள்ளைக்காரன் வீட்டில் ஏது காவல் தகடு என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு ஏழு வயது. அம்மாவைவிட எனக்கு ஆங்கிலம் நன்றாக வந்தது, அதனால் உலகத்தில் எல்லாமே அம்மாவைவிட எனக்கு அதிகம் தெரியும் என்பது என் எண்ணம்.

அம்மா எங்கள் சிரிப்பைப் பொருட்படுத்தவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீடு கழுவ வேண்டும். கார்பெட் போட்ட வீட்டைக் கழுவ முடியாது என்பதுதான் இந்த நாட்டின் மேல் அம்மாவுக்கு இருந்த முதல் குறை. அதற்கு ஈடாக வாசற்படியை மட்டும் தேய்தேயென்று தேய்ப்பார். பொழுதுபடும் நேரம் முன்னறைச் சாமித்தட்டில் விளக்கேற்றிவிட்டு வந்து, அந்தக் கூட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வேலியோரத்துக் கமேலியாப் பூ ஒன்றைச் செருகுவார். எங்கள் வீட்டு அழைப்பு மணி அடிக்காது, பொட்டுத்தான் வைத்துக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன்.

ஆடிக் கலவரம் நடந்தது அதற்குப் பிறகுதான். அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, கொழும்பில் வேலையாக இருந்தவர். அகதி முகாமில் கிடந்து, கப்பலேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். அவரை இங்கே கூப்பிட அப்பா விசாவுக்கு எழுதிப் போட்டார். அன்று காலை அம்மா ஒரு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து அந்தக் கூட்டில் கட்டினார். தம்பி இந்த வாசலால் உள்ளே வந்த பிறகுதான் அதை அவிழ்ப்பது என்று நேர்த்திக்கடன். பக்கத்து அறையில் மாமாவுக்குக் கட்டில் போட்டு, புது விரிப்பு விரித்தாயிற்று. சைக்கிளில் சாய்ந்து நின்று சிரிக்கிற மாமாவின் படம் டிவிக்கு மேல் ஏறியது. எனக்கு அவர் முகம் மறந்துபோயிருந்தது. அவருடைய சைக்கிள் பாரில் உட்கார்ந்தபோது காலில் இரும்பு சுட்டது மட்டும் நினைவிருந்தது.

அடுத்த வருடம் ஒரு நாள் காலையில் அதே சைக்கிளில் சந்தைக்குப் போன மாமா திரும்பி வரவில்லை. இரைச்சல் நிறைந்த தொலைபேசியில் யாரோ சொந்தக்காரர் அதைச் சொன்னார். “எங்கையாவது ஒளிச்சிருப்பான், அவன் கெட்டிக்காரன்” என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒளித்துப் பிடித்து விளையாட்டில் நீண்ட நேரம் ஒளித்திருப்பவர்தானே கெட்டிக்காரர்.

விசா மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

அது வந்து கொஞ்சக் காலத்தில்தான் அந்தக் கிழவர் வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை. அப்பா வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. கதவில் மூன்று தட்டுக் கேட்டது. அவசரம் இல்லாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் சரியான இடைவெளி விட்டு, பாட்டு டீச்சர் தாளம் போடுவது போல. அம்மா திறந்தார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன். தொப்பியும் நீண்ட கோட்டுமாக ஒரு குள்ளமான வெள்ளைக்காரர். கையில் ஸ்குரூ டிரைவர். அதன் பிடியால்தான் தட்டியிருக்கிறார். எங்களைப் பார்க்கவில்லை. நிலைக்காலில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பூவையும் மஞ்சள் முடிச்சையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, இதை யார் செய்தது என்று மெதுவாகக் கேட்டார்.

அது அவருடைய பொருளாம். முன்பு இந்த வீட்டில் பல வருடங்கள் குடியிருந்தவர் அவர். மனைவி இறந்த பிறகு, ரயில் பாதைக்குப் பக்கத்தில் சின்ன ஃப்ளாட் ஒன்றுக்குப் போய்விட்டார். போகும்போது இதைக் கழற்ற மனம் வரவில்லை, மனைவி நாள்தோறும் தொட்டுவிட்டுப் போன இடம், நாளைக்கு வந்து எடுப்போம் என்று விட்டதாம். அந்த நாளைக்கு இன்றுதான் வந்திருக்கிறது. அவர் யூதர். யூதர் தங்கள் வாசலில் இப்படி வைப்பார்கள், உள்ளே தோலில் கையால் எழுதிய வேத வசனம் சுருட்டி வைத்திருக்கும், வீட்டுக்குக் காவல் என்று சொல்வார்கள் என்றார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையோடு அப்பாவின் கட்சி கலைந்தது.

அது யாருடையது என்று தெரிந்த பிறகும் அம்மா வழி விடவில்லை. ஒரு கையை நீட்டி நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு, முடிச்சைப் பற்றி அந்த ஐயாவிடம் சொல்லு என்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. அன்றைக்கு வாயில் வரவில்லை. நான் எனக்குத் தெரிந்த மாதிரி மொழிபெயர்த்தேன். என் மாமா தொலைந்துவிட்டார், அம்மா அவரை உங்கள் தகடோடு கட்டி வைத்திருக்கிறார், வந்ததும் அவிழ்ப்பார் என்றேன்.

கிழவர் மேற்கே பார்த்தார். வெள்ளிக்கிழமை பொழுதுபட்டால் எங்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும், திருகாணியில் கை வைக்கக்கூடாது, இன்றைக்கு நேரம் போய்விட்டது, இன்னொரு நாள் வருகிறேன் என்று ஸ்குரூ டிரைவரைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மா தேநீர் குடிக்கச் சொன்னார்.

அந்த இன்னொரு நாளும் வெள்ளிக்கிழமையாகத்தான் இருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. பொழுதுபடக் கொஞ்சம் முன்பாக, தெருமுனை டெய்ரிக் கடையில் பால் வாங்கிக்கொண்டு போகிற வழியில் வந்து மூன்று முறை தட்டுவார். “தம்பி வந்துவிட்டாரா?” என்பார். இல்லை என்று அம்மா சொன்னதும் வானத்தைப் பார்ப்பார். இன்றைக்கும் நேரம் போய்விட்டது என்பார். தேநீர் குடிப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருகாணியைத் தொடக்கூடாது என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்த மனிதர், ஒரு வியாழக்கிழமை வந்தால் என்ன? இந்தச் சின்ன விஷயம் அவருக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது. தகட்டுக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைகளில்தான் அவருடைய ஊர் எங்கள் குசினிக்குள் வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் ஆற்றங்கரையோரம் ஒரு சின்ன ஊர். அதன் பெயரை அவர் சொல்லும்போது தொண்டையைச் செருமுவது போல இருக்கும். பல தலைமுறையாக யூதர்கள் இருந்த இடம். மாட்டு வியாபாரிகள், ஒரு துணிக்கடைக்காரர், பொத்தானும் நூலும் விற்கிறவர் ஒருவர், மிச்சப்பேர் ஏழைகள். துணிக்கடைக்குப் பின்னால் இருந்த குறுகலான ஒழுங்கையில் அவர்களுடைய தொழுகைக்கூடம். அது கிறிஸ்தவக் கோவிலைவிட உயரமாக இருக்கக்கூடாது என்று அந்தக் காலத்தில் கட்டளை. உயரம் வேண்டுமே, என்ன செய்வது? தரையைத் தோண்டிக் கீழே இறக்கிக் கட்டினார்களாம். தெருவிலிருந்து படியிறங்கித்தான் உள்ளே போக வேண்டும். அப்படியென்றால் மழைத் தண்ணீர் உள்ளே வராதோ என்று அம்மா கேட்டார். தகட்டுக்காரர் தேநீர் சிந்தச் சிரித்தார். வரும், ஆறு பெருகினால் ஆறே வரும், பெரியவர்கள் வாளியோடு நின்று பிரார்த்தனை சொல்லுவார்கள் என்றார்.

அவருடைய அப்பாதான் அங்கே பராமரிப்பாளர். கூடத்தை ஒட்டிய இரண்டு அறைகளில் குடும்பம். விளக்குத் துடைப்பது, சாவி வைத்திருப்பது, தொழுகை நேரத்தில் வீடு வீடாகப் போய் ஜன்னல் பலகையில் சின்ன மரச்சுத்தியலால் தட்டுவது எல்லாம் அவர் வேலை. மூன்று தட்டு என்றால், நேரமாகிவிட்டது, வாருங்கள். ஊரில் யாராவது இறந்திருந்தால் இரண்டோடு நிறுத்திவிடுவார். வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. மூன்றாவதற்குக் காத்திருந்து, அது வராததும் ஒவ்வொரு வீட்டிலும் கைவேலையை நிறுத்திவிடுவார்களாம். அம்மா இதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார். நான் அவர் கொண்டுவந்த கசகசாக் கேக்கில் கவனமாக இருந்தேன்.

பிறகு, யூதரை வெறுத்த ஆட்சி நடந்த நாட்களில், ஒரு இரவு வந்தது. தொழுகைக்கூடத்துக்கு நெருப்பு வைத்தால் பக்கத்து வீடுகளும் பற்றிக்கொள்ளும் என்று கட்டடத்தை விட்டுவிட்டு, உள்ளே இருந்த, உட்காரும் மர வாங்குகளையும் புத்தகங்களையும் சந்தைத் திடலுக்கு இழுத்துப்போய் எரித்தார்கள். ஊர்த் தீயணைப்புக்காரர் அணைக்க வரவில்லை. யூதர் அல்லாதவர்களின் வீடுகளுக்குப் பொறி பறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னாளில் அந்தக் கட்டடமே அவர்களுக்கு வண்டிக் கொட்டகை ஆனது. தீயணைப்பு வண்டிக்குப் படியிறங்கத் தெரியாது, அதனால் பள்ளத்தை மண் போட்டு நிரப்பிவிட்டார்கள் என்று அவர் பகிடி போலச் சொன்னார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. “எங்கட ஊரிலையும் புத்தகங்களைத்தானே முதல் எரிச்சவங்கள்” என்று தமிழில் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு அங்கே இருந்தவர்கள் முடிந்தவர் முடிந்த திசைக்குப் போனார்கள். தகட்டுக்காரரும் மனைவியும் இங்கே வந்தார்கள். புறப்பட்ட காலையில் அவர் தன் அப்பாவின் வீட்டு வாசலிலிருந்து கழற்றிக்கொண்டு வந்ததுதான் இந்தத் தகரக் கூடு. அவருடைய அண்ணன் வயதான தாய் தகப்பனோடு நின்றுவிட்டார். அவர்களையும் கூட்டிக்கொண்டு அடுத்த கப்பலில் வருவதாக ஏற்பாடு. இங்கே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மனைவி கசகசாக் கேக் செய்து அண்ணனுக்கும் ஒரு துண்டு வெட்டி வைப்பாராம்.

வந்தாரா என்று கேட்டேன். தகட்டுக்காரர் கோப்பையைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சீனி கிடைக்குமா என்றார். அம்மா என்னை வெளியே போய் விளையாடச் சொன்னார். நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லையே என்ற கோபத்தோடு போனேன்.

அவர் தகட்டைத் தேடி வந்த காரணம் அப்பாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவருடைய ஜெர்மன் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருத்தி, அந்தக் காலமெல்லாம் முடிந்த பிறகு பிறந்தவள், வண்டிக் கொட்டகையின் ஒரு மூலையைத் துப்புரவாக்கி அங்கே இருந்தவர்களின் நினைவாக ஒரு அறை திறக்கப் போகிறாளாம். பழைய குடும்பங்களைத் தேடித்தேடி, மிஞ்சிய பொருள் ஏதும் இருந்தால் தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். தகட்டுக்காரரிடம் இருந்த ஒரே பொருள் எங்கள் வாசலில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தது. அறை திறக்கிற நாளும் குறித்தாயிற்று.

அப்பா அன்று சாப்பிடவில்லை. ஊரான் வீட்டுச் சொத்தைப் பிடித்து வைத்திருக்கிறோம், அதுவும் கோவில் சாமான் என்று புலம்பினார். “அந்தாள் வாய்விட்டுக் கேக்கேல்லை எண்டதுக்காக நாங்கள் குடுக்காமல் விடுறதோ?” என்றார். அம்மா, “அதை அவிழ்த்தால் என்னப்பா அர்த்தம்?” என்றார். அதோடு அப்பா சுத்தியல், ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கராஜுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். முடிச்சை அவிழ்ப்பதற்கு என்ன அர்த்தம் வேண்டிக் கிடக்கிறது, இழுத்தால் அவிழும் என்று நான் நினைத்தேன்.

குறித்த நாள் வந்து போனது. அது தெரிந்தும் தகட்டுக்காரர் வழக்கம் போல வெள்ளிக்கிழமை வந்து, தட்டி, கேட்டு, வானத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவர் ஊரில் அதற்குள் அறை திறந்திருப்பார்கள். அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பதிலாகக் கூட்டின் சாய்வைப் பற்றி அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நட்டமாக வைக்க வேண்டும் என்று ஒரு ஆசான் சொன்னாராம், படுக்கையாக வைக்க வேண்டும் என்று இன்னொரு ஆசான். இருவர் சொல்லையும் தட்டக்கூடாது என்று நடுவாகச் சாய்த்துவிட்டார்களாம். கோணல் என்றாலே ஆகாத அப்பா அதைக் கேட்டுத் தலையாட்டினார்.

எனக்குப் பத்து வயதானபோது, மாமாவோடு படித்த ஒருவர் புதிதாக ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னை வெளியே சைக்கிள் ஓட்ட அனுப்பிவிட்டுக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார்கள். அவர் போன பிறகு அம்மா படுத்துவிட்டார். காய்ச்சல் என்றார் அப்பா. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. அப்பா அவித்த முட்டையும் வெண்ணெய் பூசிய பாணும் தந்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா தலைக்கு முழுகி, வாசலில் நின்றிருந்தார். முடிச்சை அவிழ்த்து நாணயத்தைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். ஈரத் துணியால் கூட்டைத் துடைத்தார். கராஜிலிருந்து ஸ்குரூ டிரைவர் வந்திருந்தது. திருகாணிகள் பெயின்டோடு ஒட்டிக் கிடந்து கடைசியில் விட்டுக்கொடுத்தன. கூடு இருந்த இடத்தில் பழைய மரநிறத்தில் ஒரு சாய்ந்த கோடு தெரிந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைத் தட்டில் வாழைப்பழமும் கமேலியாப் பூவும் வைத்து, நடுவில் கூட்டை வைத்து, அம்மா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவில் நடந்தார். டெய்ரிக்கு முன்னால் நின்ற பையன்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். வியாழக்கிழமை என்கிற யோசனை அம்மாவுக்காவது வந்ததே.

ரயில் பாதையோரத்து ஃப்ளாட்டில் தகட்டுக்காரர் கதவைத் திறந்தார். தட்டைப் பார்த்தார். வாங்கவில்லை.

“தம்பி வந்துவிட்டாரா?”

அம்மா அவரை நேராகப் பார்த்தார். “ஆம். வந்துவிட்டான்” என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா எங்கே வந்தார்? கட்டில் காலியாகத்தானே கிடக்கிறது? பொய் சொன்னால் வாயில் மிளகாய் தேய்ப்பேன் என்று சொல்கிற அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் கை என் தோளை அழுத்தியது. இவர் இப்போது பிடித்துவிடுவார், மாமாவைப் பார்க்க வேண்டும் என்பார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் முகத்தையே நெடுநேரம் பார்த்தார். நல்லது, தூரப் பயணம், களைத்துப் போயிருப்பார் என்றார். தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய், கசகசாக் கேக் ஒன்றை முழுதாகத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

“இது உங்கள் தம்பிக்கு.”

இந்தக் கிழவரை எவரும் ஏமாற்றலாம் என்று திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கேக்கில் எனக்கு உடனே துண்டு கிடைக்கவில்லை. அம்மா டிவிக்கு மேல் இருந்த மாமாவின் படத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து, சாமித்தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கு முன்னால் கேக்கை வெட்டி வைத்துப் படைத்தார். பூ வைத்தார். அப்பா கைகட்டி நின்றார். டிவிச் சூட்டில் படம் மங்கிப்போகும் என்றுதான் இடம் மாற்றுகிறார்கள் என நினைத்தேன்.

அந்தத் தகரக் கூடு இப்போது அந்த ஊரில், பழைய தொழுகைக்கூடத்து அறையில், கண்ணாடிக்குள் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் போய்ப் பார்த்தேன். மண்ணை அகழ்ந்து எடுத்துவிட்டார்கள், மறுபடியும் படியிறங்கித்தான் போக வேண்டும். பராமரிப்பாளர் வீட்டு வாசலில் இருந்தது என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். திருகாணித் துளையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிவப்பு என்ன என்று எழுதவில்லை. எல்லர்ஸ்லி வீட்டு நிலைக்காலில் இருந்த சாய்ந்த கோட்டை, நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போகும் வரை, அப்பா பெயின்ட் அடித்து மறைக்கவே இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வியாழனுக்கு அடுத்த நாளைப் பற்றி. வெள்ளிக்கிழமை. தகடுதான் கைக்குக் கிடைத்துவிட்டதே, இனி இவர் எதற்கு வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா விளக்கேற்றத் தீக்குச்சியைக் கிழித்த நேரம் கதவில் தட்டுக் கேட்டது. வழக்கமான அதே நிதானம். ஒன்று. இரண்டு. பிறகு சத்தமில்லை. நான் மூன்றாவதற்குக் காத்திருந்தேன். அது வரவில்லை.

அம்மாவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. தீக்குச்சி விரல்வரை எரிந்து வந்தது.

அவர் மூன்றாவதை மறந்துவிட்டார், வயது போய்விட்டது பாவம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா குச்சியை ஊதி அணைத்துவிட்டு, போய்க் கதவைத் திற என்றார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். புகை கண்ணுக்குள் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.